முத்துக்கரையில் ஒரு கம்பிக் கணக்கு

தூத்துக்குடி என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது முத்து, உப்பு, அப்புறம் மக்ரூன். இந்த மூன்றில் கட்டடம் கட்டுகிறவர்களுக்குத் தலைவலி தருவது உப்புதான். முத்துக்குளிப்பு நின்று பல வருஷம் ஆகிவிட்டது. மக்ரூன் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. உப்பு மட்டும் காற்றில், மண்ணில், போர் தண்ணீரில் என்று எல்லா இடத்திலும் இருந்துகொண்டு, சுவருக்குள் ஒளிந்திருக்கும் இரும்பைத் தேடிப் போய் அரிக்கிறது.

கான்கிரீட்டுக்குள் எத்தனை கம்பி, எவ்வளவு நீளம், எப்படி வளைத்து வைப்பது என்று எழுதும் பட்டியலுக்கு 'பார் பெண்டிங் ஷெட்யூல்' என்று பெயர். சைட்டில் சுருக்கமாக பி.பி.எஸ். என்பார்கள். தமிழில் கம்பிக் கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம். பார்க்க மளிகைக்கடைப் பட்டியல் போலத்தான் இருக்கும். ஆனால் மன்னார் வளைகுடா ஓரத்தில் ஒரு கட்டடம் இருபது வருஷம் நிற்குமா, அறுபது வருஷம் நிற்குமா என்பதில் இந்தப் பட்டியலுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

கம்பி இல்லாத காலம்

நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கரையில் வீடு கட்ட யாரும் கம்பி வாங்கியதில்லை. கடலுக்குள்ளேயே கல் கிடைத்தது. பவளப்பாறையை உடைத்து எடுத்துச் சுவருக்கு வைத்தார்கள். அதையே சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கிச் சாந்துக்குச் சேர்த்தார்கள். மேலே மரச்சட்டம், அதன் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் அல்லது ஓடு. உள்ளே துருப்பிடிக்க இரும்பே இல்லை என்பதால் உப்புக்காற்றால் பூச்சை உதிர்க்க முடிந்ததே தவிர கூரையைத் தள்ள முடியவில்லை.

ஆனால் இது இலவசமாகக் கிடைத்த கல் இல்லை. பவளம் தோண்டித் தோண்டி தூத்துக்குடிக்கு அருகே இருந்த விலங்குச்சல்லித் தீவும், கீழக்கரைப் பக்கம் இருந்த பூவரசன்பட்டித் தீவும் கடலுக்குள் மூழ்கின. அலையைத் தடுத்துக்கொண்டிருந்த பாறை போன பிறகு மணல் எப்படி நிற்கும்? 1986-ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆக, கடலை உடைத்து வீடு கட்டும் வழி அடைபட்டது. ஆனால் ஊர் அதற்கு முன்பே சிமெண்டுக்கும் கம்பிக்கும் மாறத் தொடங்கியிருந்தது.

கம்பி வந்த வழி

கான்கிரீட்டுக்குள் இரும்பு வைக்கும் யோசனையில் முக்கியமான ஒரு பெயர், பிரான்ஸில் இருந்த ஜோசப் மோனியே என்ற தோட்டக்காரர். செடித்தொட்டி உடையாமல் இருக்கக் கம்பி வலை வைத்து சிமெண்ட் பூசினார். 1867-ல் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் எர்னஸ்ட் ரான்சம் 1884-ல் முறுக்கிய கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். முறுக்கினால் கான்கிரீட் நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு.

நம் விஷயத்துக்கு இவர்களைவிட முக்கியமானவர் பிரான்சுவா ஹென்னபிக். 1892-ல் தூண், பீம், தளம் மூன்றையும் ஒரே கூடாகக் கட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் எல்லா வேலையையும் தானே செய்யவில்லை. உரிமம் வாங்கிய காண்ட்ராக்டர்கள் பல நாடுகளில் கட்டினார்கள். வடிவமைப்பும் கணக்கும் அவருடைய அலுவலகத்திலிருந்து போயின. கணக்குப் போட்டவர் ஓர் ஊரில், கம்பி வளைப்பவர் இன்னோர் ஊரில் என்று ஆகிவிட்டது. இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரு காகிதம்தான். கம்பிக் கணக்கின் தேவை அங்கேதான் தொடங்குகிறது. வரைந்தவரே பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தால் பட்டியல் எதற்கு?

இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்கும் முதல் முயற்சி 1904-ல் சென்னையில் நடந்தது. கடல் சிப்பியைச் சுட்டு சிமெண்ட் செய்யப் பார்த்தார்கள், அது நிலைக்கவில்லை. பத்து வருஷம் கழித்து, 1914-ல், குஜராத் பக்கம் போர்பந்தரில்தான் தொழில் காலூன்றியது. தென்பாண்டி நாட்டுக்கு சிமெண்ட் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது 1949-ல், திருநெல்வேலி தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை உற்பத்தி தொடங்கியபோது. தூத்துக்குடிக்கு அது கூப்பிடு தூரம் இல்லை என்றாலும் லாரி தூரம்.

பட்டியலில் என்ன இருக்கும்?

ஒரு பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் கம்பியின் அடையாள எண். அடுத்து எந்த உறுப்பு (ஃபுட்டிங், காலம், பீம், ஸ்லாப்). பிறகு விட்டம், வளைக்கும் வடிவத்தின் சின்னப் படம், எண்ணிக்கை, ஒன்றின் வெட்டு நீளம், மொத்த நீளம், கடைசியில் எடை.

எடைக்கு ஒரு சுலபமான வாய்பாடு உண்டு. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதையே அதனால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு இத்தனை கிலோ என்று வரும். 8 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.395 கிலோ. 12 மி.மீ. 0.889 கிலோ. 16 மி.மீ. 1.58 கிலோ. 162 எங்கிருந்து வந்தது? ஒரு கனமீட்டர் எஃகின் எடை 7,850 கிலோ. வட்டத்தின் பரப்பளவையும் அதையும் சேர்த்துச் சுருக்கினால் இந்த எண் விழும், மந்திரம் ஒன்றும் இல்லை.

கடைசிக் கட்டமான எடைதான் காசு. கம்பிக்கு விலை எடைக்கு, கூலியும் பெரும்பாலும் எடைக்கு. பொதுப்பணித்துறை வேலைகளில் எம்-புக் என்று ஓர் அளவுப் புத்தகம் இருக்கும். கான்கிரீட் போடுவதற்கு முன் கம்பியை எண்ணி, அளந்து, அதில் ஏற்ற வேண்டும். போட்ட பிறகு எண்ண முடியாது. மண்ணை வெட்டினால் குழியை அளக்கலாம், சுவர் கட்டினால் டேப் பிடிக்கலாம். கம்பி ஒன்றுதான் வேலை முடிந்த அன்றே கண்ணுக்கு மறைந்துவிடும். ஆகவே இந்தப் பட்டியல் ஒரே நேரத்தில் வேலைக்கு உத்தரவு, கடைக்கு ஆர்டர், பணத்துக்கு வவுச்சர், பின்னாளில் சாட்சி. கணக்குப் பதிவியலில் சொல்வதுபோல், வவுச்சர் இல்லாத செலவை யாரும் நம்ப வேண்டியதில்லை.

விதி வந்த வருஷங்கள்

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியத் தரநிலை அமைப்பு கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 விதித்தொகுப்பை 1953-ல் வெளியிட்டது. அப்போது அளவு எல்லாம் அடி, அங்குலம். தச்சரும் கொத்தனாரும் ஓர் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பார்கள். 1956-ல் எடை அளவைச் சட்டம் வந்து நாடு மெட்ரிக் முறைக்கு மாறியது. அரை இன்ச் கம்பி இருந்த இடத்துக்கு 12 மி.மீ. வந்தது. இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் ஒன்றல்ல. அரை அங்குலம் 12.7 மி.மீ. எடையில் பார்த்தால் நூற்றுக்கு பத்துக்கும் மேல் வித்தியாசம். இந்த மாதிரி நேரத்தில் வாய்ச்சொல்லை நம்பினால் என்ன ஆகும் என்று யாரும் ஊகித்துக்கொள்ளலாம்.

1963-ல் ஐ.எஸ். 2502 வந்தது. கம்பியை வளைப்பதற்கும் கட்டுவதற்கும் தனியாக ஒரு விதித்தொகுப்பு. எந்த வடிவத்துக்கு எப்படி நீளம் கணக்கிடுவது, பட்டியலை எப்படி எழுதுவது என்பதெல்லாம் அதில் உண்டு. 1987-ல் எஸ்.பி. 34 என்ற கையேடு வந்து படங்களோடு விளக்கியது.

இதே வருஷங்களில் தூத்துக்குடியில் என்ன நடந்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சுவாரசியம். 1961-ல்தான் இங்கே கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது. பழைய துறைமுகத்தில் ஆழம் போதாமல் கப்பல்கள் கடலில் பல கிலோமீட்டர் தள்ளி நிற்க, தோணிகள்தான் சரக்கை ஏற்றி இறக்கின. அறுபதுகளில் புதிய ஆழ்கடல் துறைமுக வேலை தொடங்கியது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் கல்லால் கடலுக்குள் நீட்டப்பட்டன. 1974 ஜூலை 11 அன்று நாட்டின் பத்தாவது பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1979-ல் துறைமுகத்தை ஒட்டி அனல்மின் நிலையத்தின் முதல் 210 மெகாவாட் அலகு ஓடத் தொடங்கியது. 2011-ல் துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர் வைக்கப்பட்டது. முத்துக்கு மூச்சுப் பிடித்து மூழ்கிய கரை ஒரே தலைமுறையில் கான்கிரீட் கரை ஆகிவிட்டது. கடல் மட்டும் அதே கடல்தான்.

உப்பு செய்யும் வேலை

நல்ல கான்கிரீட் காரத்தன்மை உள்ளது. அதன் பி.எச். 12-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் உண்டாகி, துரு பிடிக்காமல் காக்கும். உப்பில் உள்ள குளோரைடு மெதுவாக உள்ளே ஊறிப் போய்க் கம்பியைத் தொட்டால், அந்தப் படலம் அங்கங்கே உடையும். அப்புறம் துரு. துருவின் பருமன் இரும்பைவிடப் பல மடங்கு. உள்ளே இடம் இல்லாததால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். ஸ்லாப் அடியில் சிமெண்ட் பெயர்ந்து செங்கம்பி தெரியும் வீடுகளைப் பார்க்கிறோமே, அது இதுதான்.

உப்பு வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்றும் இல்லை. கலக்கும் தண்ணீரிலேயே வரலாம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு வரைதான் தண்ணீரில் இருக்கலாம் என்கிறது ஐ.எஸ். 456-ன் 2000-ம் ஆண்டுப் பதிப்பு. கடல் தண்ணீரில் இது சுமார் 19,000. கடலோர போர் தண்ணீரைச் சோதிக்காமல் கலப்பது என்பது கம்பிக்கு நாமே உப்பு வைப்பது போல.

இதை ஆராய ஓர் இடம் பக்கத்திலேயே கிடைத்தது தமிழ்நாட்டின் அதிர்ஷ்டம். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, மத்திய மின்வேதியியல் ஆய்வகம் (சிக்ரி) 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-ல் திறக்கப்பட்டது. மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் அதற்குக் கடலோர ஆய்வு மையங்கள் உண்டு. உலோகத் துண்டுகளை உப்புக்காற்றில் வைத்து எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று அங்கே அளந்தார்கள். கம்பியின் துருவை நீக்கி, பாஸ்பேட் பூசி, மேலே சிமெண்ட் பால் பூசும் பாதுகாப்பு முறையும் சிக்ரியில் உருவானதுதான்.

கம்பியும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் வழுவழு மைல்ட் ஸ்டீல். அப்புறம் குளிர்ந்த நிலையில் முறுக்கிய டார் கம்பி. பலம் கூடியது, ஆனால் சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று பொறியாளர்கள் பலர் குறை சொன்னார்கள். அதற்குப் பின் டி.எம்.டி. 1993-ல் எபாக்ஸி பூசிய கம்பிக்கும் ஐ.எஸ். 13620 என்று விதி வந்தது. அதை வெட்டினால் வெட்டிய முனைக்கு மறுபடி பூச வேண்டும், வளைக்கும்போது கீறினாலும் பூச வேண்டும். சைட்டில் நின்று குத்துமதிப்பாக வெட்டுகிற பழக்கம் இதற்கு ஒத்துவராது. முன்கூட்டியே பட்டியல் சரியாக இருந்தாக வேண்டும்.

ஒரு ரிங்கை எடுத்துக்கொள்வோம்

எந்தக் கம்பி, எந்தப் பூச்சு என்பதைவிட அடிப்படையான ஒன்று உண்டு. கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்கிறது என்பது. இதற்குத்தான் கவர் என்று பெயர். மேலே சொன்ன 2000-ம் ஆண்டுப் பதிப்பு, உப்புக்காற்று படாத, மழை வெயில் இல்லாத இடத்துக்கு 20 மி.மீ. போதும் என்கிறது. கடலோரச் சூழலுக்கு 45. கடல்நீர் தெறிக்கும் இடத்துக்கு 50. அலை ஏறி இறங்கும் மட்டத்துக்கு 75.

இப்போது 230-க்கு 300 மி.மீ. அளவுள்ள ஒரு சாதாரண வீட்டு காலம். கவர் 45 என்றால், சுற்றிக் கட்டும் 8 மி.மீ. ரிங்கின் வெளி அளவு 140-க்கு 210. சுற்றளவு 700. இரண்டு கொக்கிக்கு 160 கூட்டி, வளைவுகளில் கம்பி நீளுவதற்காக 96 கழித்தால் வெட்டு நீளம் 764 மி.மீ.

பட்டியல் எழுதியவர் எங்கேயோ உள்ளூரில் பழகிய பழக்கத்தில் கவர் 25 என்று வைத்துவிட்டார் என்று கொள்வோம். ரிங் 180-க்கு 250 ஆகிவிடும். வெட்டு நீளம் 924 மி.மீ. மூன்று மீட்டர் உயரத்துக்கு 150 மி.மீ. இடைவெளியில் 21 ரிங். முதல் கணக்கில் 6.3 கிலோ கம்பி, இரண்டாவதில் 7.7 கிலோ.

கவனியுங்கள், தப்பான பட்டியலில்தான் கம்பி அதிகம். எடைக் கட்டத்தை மட்டும் பார்க்கிற வீட்டுக்காரர், "பரவாயில்லையே, கூடுதலாகத்தான் போட்டிருக்கிறார்கள்" என்று சந்தோஷப்படுவார். ஆனால் உப்பு கடக்க வேண்டிய தூரம் 45-லிருந்து 25 ஆகக் குறைந்துவிட்டது. ஊறிப் போகும் சமாசாரத்தில் தூரம் பாதியானால் காலம் பாதி ஆவதில்லை, ஏறத்தாழ கால்வாசியாகிவிடும். எடைக்குக் காசு கொடுத்துவிட்டோம், ஆயுளை எழுதிய கட்டத்தைப் படிக்கவில்லை.

ரிங் இந்த அளவில் வளைந்து வந்துவிட்டால், அப்புறம் கவர் பிளாக் எத்தனை வைத்தாலும் பிரயோஜனம் இல்லை. சென்ட்ரிங் பலகைக்கும் ரிங்குக்கும் நடுவில் இருப்பதே அவ்வளவுதான். தவறு காகிதத்தில் நடந்தது. கம்பி கட்டுகிறவர் சொன்னபடிதான் செய்தார்.

பாம்பன் சொல்லும் பாடம்

இதே வளைகுடாவின் வடமுனையில், மண்டபத்துக்கும் ராமேஸ்வரம் தீவுக்கும் நடுவில் இருக்கும் பாலங்கள்தான் இந்தக் கரையின் பெரிய பரீட்சைக்கூடம். 1914 பிப்ரவரியில் திறந்த பழைய ரயில் பாலத்தின் மேல்பகுதி எஃகு. துரு வெளியே தெரியும், சுரண்டி பெயிண்ட் அடிக்கலாம். வருஷம் முழுக்க அந்த வேலை இருந்துகொண்டே இருக்கும். 2022 டிசம்பரில் அதில் ரயில் நிறுத்தப்பட்டது.

சாலைப் பாலம் கான்கிரீட். 1974-ல் அடிக்கல், 1988 அக்டோபர் 2-ல் திறப்பு. 2.345 கிலோமீட்டர் நீளம், பதினான்கு வருஷம். இங்கே இரும்பு உள்ளே இருக்கிறது. பெயிண்ட் அடிக்கப் போக முடியாது, எழுதியது எழுதியதுதான்.

2025 ஏப்ரல் 6 அன்று புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. 2.08 கிலோமீட்டர். நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு செங்குத்தாக மேலே எழும்பிக் கப்பலுக்கு வழி விடும். செய்திகளில் எல்லோரும் அந்தத் தூக்கு பாலத்தைத்தான் காட்டினார்கள். ஆனால் கம்பிக் கணக்கு பார்ப்பவருக்கு முக்கியமான செய்தி வேறு. அதில் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி பயன்படுத்தப்பட்டிருக்கிறது. பட்டியலில் விட்டம், நீளம், எண்ணிக்கை எல்லாம் வழக்கம்போலத்தான் இருக்கும். கம்பியின் தரம் என்ற ஒரு கட்டம் மட்டும் மாறுகிறது, அதற்காகக் கொடுக்கும் விலை பல மடங்கு. நூறு வருஷம் உப்போடு மல்லுக்கட்டியதற்குப் பிறகு வந்த புத்தி அது.

பெரிய பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் கம்பி வாங்க ரயில்வேயால் முடியும். திரேஸ்புரத்திலோ புன்னக்காயலிலோ இரண்டு அறை வீடு கட்டும் மீனவக் குடும்பத்தால் முடியாது. அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய மலிவான பாதுகாப்பு 20 மி.மீ. கூடுதல் கவரும், நல்ல தண்ணீரும், சரியாக எழுதிய ஒரு பக்கப் பட்டியலும்தான். ஒரு ரிங்குக்கு 160 மி.மீ. கம்பி மிச்சம்கூட ஆகும். ஆனால் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கும் பழக்கம் வீடு கட்டுகிறவர்களிடம் இன்னும் வரவில்லை. சிமெண்ட் எத்தனை மூட்டை, கம்பி எத்தனை டன் என்று கேட்கிறார்கள். கவர் எத்தனை என்று கேட்பவர் அபூர்வம்.

கடைசியாக ஒரு தகவல். தூத்துக்குடிக்கு எதிரே கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காப்பாற்ற, 2015 கடைசியிலிருந்து அதைச் சுற்றிக் கடலுக்கு அடியில் ஆயிரக்கணக்கான செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். பவளத்தை எடுத்து வீடு கட்டிய ஊர், கான்கிரீட் வார்த்துக் கடலுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. பழைய கடனில் ஒரு தவணை என்று வைத்துக்கொள்ளலாம்.